ஆறாவது ஆள் இல்லாத ஆட்டோக்கள்

2025 நவம்பர் 11, செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணி முதல் மாலை ஏழு மணி வரை மதுரை அவனியாபுரம் கண்மாய்க் கரையோரச் சாலையை ஷேர் ஆட்டோக்கள் 932 முறை கடந்தன. அவற்றில் போனவர்கள் 4,098 பேர்.

வியாழக்கிழமை காலை வசுந்தரா அந்தக் கணக்கின் மூலத் தாள்களை எடுத்து மேசையில் பரப்பினாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை. கூட்டுத்தொகை ஏற்கெனவே கணினியில் ஏறி, பெங்களூருக்குப் போய், அங்கிருந்து பாராட்டும் வந்து சேர்ந்திருந்தது. ஆனாலும் தன் கையெழுத்துப் போகிற அறிக்கை என்றால் தாள்களை ஒருமுறை தானே புரட்டிவிடுவது அவள் வழக்கம். பன்னிரண்டு வருடத் தொழிலில் அந்த வழக்கம் இரண்டு முறை அவளைக் காப்பாற்றியிருந்தது.

விஷயம் இதுதான். ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் சிறு பேருந்துகளை விமான நிலையத்தில் தொடங்கி அவனியாபுரம், வில்லாபுரம் வழியாகத் தெற்குவாசல் வரை விட ஒரு பெங்களூர் நிறுவனம் அனுமதி கேட்டிருந்தது. வண்டியை விடுவதற்கு முன்பே அது ஊரை என்ன செய்யும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அனுமதிக் குழு நிபந்தனை போட்டது. அந்த ஆய்வு திருநகரில் இருக்கும் கிரிதரனின் போக்குவரத்து ஆய்வகத்துக்கு வந்தது. கிரிதரனுக்கு அடுத்த நாற்காலி வசுந்தராவுடையது.

நிறுவனத்தின் கணக்கு எளிமையானது. பன்னிரண்டு இருக்கை கொண்ட பதினான்கு வண்டிகள் நாளுக்கு நாலாயிரத்துச் சொச்சம் பேரை ஏற்றி இறக்கிவிடும். சாலையில் ஷேர் ஆட்டோவில் போகிறவர்களும் நாலாயிரத்துச் சொச்சம்தான். அப்புறம் அந்தச் சாலையில் ஷேர் ஆட்டோ எதற்கு? கண்ட இடத்தில் நின்று தானியங்கி வண்டியின் வேகத்தைக் கெடுப்பதுதான் மிச்சம். ஆகவே அவனியாபுரம் ஆட்டோ நிலையத்தின் அறுபத்து நான்கு ஆட்டோக்களையும் அந்தத் தடத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். குழு கூடுகிற நாள் நவம்பர் 24. அன்று மேசையில் இருக்கப்போகும் ஒரே எண் 4,098.

வசுந்தராவுக்கு அந்த வண்டியின் மேல் கோபம் எதுவும் இல்லை. பிப்ரவரியில் நடந்த சோதனை ஓட்டத்தில் அவளும் உட்கார்ந்து போயிருக்கிறாள். வெளிவட்டச் சாலையில் யாரோ உளுந்துச் செடியை நீளத்துக்குப் பரப்பி, போகிற வண்டிச் சக்கரமே அடித்துக் கொடுக்கட்டும் என்று ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். லாரியும் பஸ்ஸும் அதன் மேல் ஏறிப் போயின. இந்த வண்டி மட்டும் அதைத் தடை என்று எண்ணிப் பதினொரு நிமிடம் நின்றது. பின்னால் முனியாண்டி கோயில் வரை வரிசை. அதை அவள் எழுதிக் கொடுத்தாள். அடுத்த மாதமே அவர்கள் சரி செய்துவிட்டார்கள். சரி செய்கிறவர்களோடு வேலை செய்வது அவளுக்குப் பிடிக்கும்.

தாள்களில் ஒவ்வொரு ஆட்டோவுக்கும் ஒரு கட்டம். கட்டத்துக்குள் ஆளுக்கு ஒரு கோடு. வசுந்தரா முதல் தாளைப் பார்த்தாள். நான்கு, ஐந்து, நான்கு, நான்கு, ஐந்து. இரண்டாவது தாளும் அப்படியே. பத்தாவது தாளில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. 932 கட்டங்களில் ஒன்றில்கூட ஆறாவது கோடு இல்லை.

மதுரையில் பிறந்த யாருக்கும் அது சிரிப்பாகத்தான் இருக்கும். பெர்மிட்டில் ஐந்து பேர் என்று எழுதியிருக்கும். வண்டியில் எட்டு சேரும்வரை ஓட்டுநர் வழியெல்லாம் ஏற்றுவார். கூட்டுத்தொகையை மட்டும் பார்த்த கணினிக்கு இது தெரியவில்லை. சராசரி 4.4 என்றதும் ஒழுங்கான ஊர் என்று எடுத்துக்கொண்டது.

முதலில் அவள் சந்தேகப்பட்டது தன் ஆட்களைத்தான். கணக்கெடுத்த நால்வருக்கும் தலைவி இந்துப்ரியா, கல்லூரி முடித்து ஒரு வருடம் ஆனவள். வெயிலுக்குப் பயந்து நிழலில் உட்கார்ந்து இஷ்டத்துக்குக் கோடு போட்டுவிட்டார்களா என்று வசுந்தரா கேட்டதும் அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆய்வகம் கொடுத்த பாதுகாப்பு விதிப்படி ஆரஞ்சு நிறச் சட்டை, சாலை ஓரத்தில் கூம்புகள், பெரிய குடை, மேசை எல்லாம் போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் எழுந்திருக்காமல் எண்ணினோம் என்றாள்.

"எனக்கும் ஆச்சரியமாத்தான்க்கா இருந்துச்சு. நம்ம ஊரு திருந்திருச்சோன்னு நெனச்சேன்."

 வசுந்தரா தாளின் கடைசி வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்து போகிறவர்களை வண்டி எப்படிக் கவனிக்க வேண்டும் என்று தெரிவதற்காக அவர்களையும் எண்ணச் சொல்லியிருந்தார்கள். அந்த இடத்தில் ஒரு பக்கம் கண்மாய்க் கரை, மறுபக்கம் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையின் நீளச் சுவர். கடை இல்லை, வீடு இல்லை. அக்டோபரில் ஒருநாள் முன்னோட்டமாக எண்ணியபோது நடந்தவர்கள் 180 பேர். பதினொன்றாம் தேதி 3,126 பேர்.

மூவாயிரம் பேர் அந்தச் சுவரோரம் எதற்கு நடந்தார்கள்?

மறுநாள் அவள் ஸ்கூட்டரை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஏறினாள். ஏறிப் பத்து வருடம் இருக்கும். ஓட்டுநர் பாண்டிராஜ் முப்பது வயதுக்காரன்; கண்ணாடியில் பார்த்தபடியே பின்னால் இருப்பவர்களிடம் பேசிக்கொண்டு வந்தான். சாலையோரத்தில் நிற்பவர்கள் யாரும் நிறுத்தத்தில் நிற்கவில்லை. வீட்டு வாசலில், மரத்தடியில், வெல்டிங் பட்டறை முன்னால் நின்று விரலை நீட்டினார்கள். விரல் நேராக நீண்டால் தெற்குவாசல், பக்கவாட்டில் மடங்கினால் வில்லாபுரத்தோடு சரி. பாண்டிராஜ் விரலைப் பார்த்தே இடம் ஒதுக்கினான். வில்லாபுரம்வரை போகிறவர் ஓரத்தில், கடைசிவரை வருகிறவர் உள்ளே. பதினைந்து நிமிடத்தில் ஒன்பது பேரை அவன் அடுக்கிய முறையைப் பார்த்து, இதை ஒரு நிரலாக எழுத எத்தனை மாதம் ஆகும் என்று வசுந்தரா யோசித்தாள்.

பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்திருந்தவள் செல்லக்கிளி. கீழவாசல் பக்கம் பாத்திரக்கடையில் வேலை. மடியில் சாப்பாட்டுத் தூக்கு. கண்மாய்க் கரை வந்தபோது, இந்த இடத்தில் செவ்வாய்க்கிழமை நல்ல கூட்டமாமே என்று வசுந்தரா பேச்சுக் கொடுத்தாள்.

"கூட்டமா? எங்கள எறக்கிவிட்டு நடக்க விட்டாய்ங்க. அங்கிட்டு பட்டறை முக்குல எறங்கி, இங்கிட்டு பாலத்துக்கிட்ட ஏறணும். போகையில ஒரு தடவ, வாரையில ஒரு தடவ. காலே ஓஞ்சு போச்சு."

"எதுக்கு எறக்கிவிட்டாங்க?"

செல்லக்கிளி சொல்வதற்குள் பாண்டிராஜ் முந்திக்கொண்டான். ஆரஞ்சுச் சட்டை போட்டு, கூம்பு வைத்து, குடைக்கடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தால் அது யார்? ஆர்டிஓ ஆபீஸ் ஆட்கள். ஆள் கூட ஏற்றியதற்குக் கேஸ் எழுத வந்தவர்கள். விடியலில் மேசை போடும்போதே பார்த்துவிட்ட முதல் வண்டி, எதிரில் வந்த வண்டிக்கு லைட்டை அடித்துக் காட்டிவிட்டது. ஏழு மணிக்குள் அறுபத்து நான்கு வண்டிக்கும் தெரிந்துவிட்டது. ஐந்துக்கு மேல் இருப்பவர்களை முன்னாடியே இறக்கி நடக்கவிட்டுத் தாண்டிப் போய் ஏற்றிக்கொண்டார்கள்.

"நாள் பூரா உக்காந்து எழுதுனாய்ங்கக்கா. ஒரு கேஸு விழுகலயே. சாயங்காலம் ஸ்டாண்டுல வட வாங்கித் தின்டோம்."

ஆட்டோவில் எல்லோரும் சிரித்தார்கள். வசுந்தரா சிரிக்கவில்லை. குடையும் மேசையும் தன்னுடையவை என்றும், அவர்கள் எண்ணியது எதற்காக என்றும் மெதுவாகச் சொன்னாள். அந்த எண்ணை வைத்துத்தான் இந்தத் தடம் யாருக்கு என்று முடிவாகப்போகிறது என்றாள். பாண்டிராஜ் அதற்குப் பிறகு கண்ணாடியைப் பார்க்கவில்லை. தெற்குவாசலில் எல்லோரையும் இறக்கிவிட்டு, அவளிடம் மட்டும் காசு வாங்காமல், "இருங்கக்கா, எங்க அண்ணன்ட்ட வந்து ஒரு வார்த்த சொல்லிருங்க" என்றான்.

அண்ணன் என்றால் விருமாண்டி. அவனியாபுரம் நிலையத்து ஆட்டோ சங்கத்தின் செயலாளர், ஐம்பத்திரண்டு வயது, இருபத்து மூன்று வருடமாக அதே சாலையில் ஓட்டுகிறவர். மேற்கே செக்கானூரணிப் பக்கம் நிலம் இருந்தாலும் விதைப்புக்கும் அறுப்புக்கும் மட்டும் அங்கே போவார். நிலையத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பாண்டிராஜ் சொன்னதை முழுதும் கேட்டார். கேட்டு முடித்ததும் பெரிய உத்தியோகத்தரைப் பார்ப்பது போல அவனைப் பார்த்தார்.

"நல்லா வட தின்டீகளாடா?"

 தாமும் அன்று நான்கு பேரை இறக்கி நடக்கவிட்டதை அவர் மறைக்கவில்லை. பிறகு வசுந்தராவிடம் திரும்பி, இப்போது என்ன செய்ய முடியும் என்று கேட்டார்.

அவளிடம் பதில் தயாராக இருந்தது. மறுபடி எண்ண வேண்டும். இந்த முறை மேசை, குடை எதுவும் கிடையாது. மழைக்குப் பக்கவாட்டில் படுதா இறக்கிவிட்டால் வெளியே இருந்து எண்ணவும் முடியாது. ஆகவே ஆட்டோவிலேயே தன் ஆள் ஒருவர் உட்கார்ந்து, எங்கே யார் ஏறினார், எங்கே இறங்கினார் என்று கடைசிவரை குறிப்பார். வண்டி எண்ணை எழுத மாட்டார்கள். ஆனால் ஓர் ஆட்டோவில் சராசரி எத்தனை பேர் என்பது அறிக்கையில் இருக்கும். அதை மறைக்க முடியாது.

"தங்கச்சி, எட்டு பேர ஏத்துறோம்னு எழுதிக் குடுத்தீகன்னா மறுவாரமே ஆர்டிஓ வந்து நிப்பாரு. எழுதலேன்னா அந்த வண்டி வந்து நிக்கும். அம்புட்டுத்தான?"

"அம்புட்டுத்தான்ணே. ரெண்டுல ஒண்ணு."

பொய் சொல்லி ஆறுதல் தருவாள் என்று அவர் எதிர்பார்த்தாரோ என்னவோ, அந்தப் பதில் அவருக்குப் பிடித்துவிட்டது. அழகுபாண்டி என்ற வயதான ஓட்டுநர், நாமாகப் போய் நம் கையால் கேஸ் எழுதிக் கொடுப்பதா என்று முனகினார். பெர்மிட்டையே முடக்கிவிட்டால் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டார். விருமாண்டி டம்ளரைக் கீழே வைத்தார்.

"கேஸு விழுந்தா கட்டிட்டு மறுநா வண்டிய எடுக்கலாம். தடம் போச்சுன்னா எதுல எடுப்ப மாப்ள? எண்ணட்டும். நான் சொல்றேன்."

அலுவலகத்தில் நிலைமை அவ்வளவு சுலபமாக இல்லை. கிரிதரன் வேலை சொல்வது தமிழில், திட்டுவது சௌராஷ்டிரத்தில். அன்று கால் மணி நேரம் தமிழே வரவில்லை. வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட எண்ணை நாமே போய் உடைப்பதா என்றார். ஆய்வுக்குப் பணம் கொடுப்பதே அந்த நிறுவனம்தான் என்பதையும் நினைவூட்டினார். வசுந்தரா வாதம் செய்யவில்லை. 932 கட்டங்களையும், 180-க்குப் பக்கத்தில் 3,126-ஐயும் அவர் முன்னால் வைத்தாள். கிரிதரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அவரும் இதே ஊரில் பிறந்தவர். அவர் உதட்டிலும் சிரிப்பு எட்டிப்பார்த்ததை அவள் கவனித்தாள்.

"அந்தக் கூம்பு வைக்கச் சொன்னது நாமதான?" என்று கடைசியில் தமிழில் கேட்டார்.

"நாமதான் சார். தப்பு நம்ம பக்கம்தான். அதையும் அறிக்கைல எழுதுறேன்."

"ஒருநாள் தாரேன். அதே செவ்வாக்கெழம."

நவம்பர் 18. முகூர்த்தம் இல்லை, அமாவாசை வர இரண்டு நாள் இருந்தது. கார்த்திகை பிறந்துவிட்டதால் மாலை போட்டவர்கள் நாலைந்து பேர் கூடுதலாக இருப்பார்கள். அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளச் சொன்னாள். நாற்பது பேரை மாற்றி மாற்றி ஆட்டோக்களில் ஏற்றினாள். அவர்கள் பிடிக்கும் இடத்துக்கும் ஓர் ஆளுக்கான கட்டணம் கொடுக்க ஏற்பாடு. காலை ஆறரை மணிக்கு அவள் நிலையத்துக்குப் போனபோது விருமாண்டி தன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். முதலில் காரணம் புரியவில்லை. பிறகு பாண்டிராஜின் வண்டியைப் பார்த்தாள்.

உள்ளே பதினொரு பேர். முன்னால் ஓட்டுநருக்கு இரண்டு பக்கமும் ஆள், பின்னால் தொங்கிக்கொண்டு ஒருவர். எண்ணப்போகிறார்கள் என்றதும் எண்ணிக்கையை ஏற்றிக் காட்டிவிடலாம் என்று அவன் போட்ட திட்டம். அவனுக்குப் பின்னால் இன்னும் மூன்று வண்டிகள் அதே ஜோடிப்பில் காத்திருந்தன.

விருமாண்டி கையை நீட்டி வண்டியை மறித்தார். மூன்று பேரை இறங்கச் சொல்லிக் காலியாக நின்ற வண்டிக்கு அனுப்பினார்; பின்னால் நின்ற மூன்றுக்கும் அதே கதிதான். பதினொரு பேரை எழுதிவைத்தால் பார்க்கிறவன் நம்ப மாட்டான், அதை நம்பாதவன் எட்டையும் நம்ப மாட்டான் என்றார். பாண்டிராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"போன வாரம் கொறச்சுக் காட்டுன, இந்த வாரம் கூட்டிக் காட்டுற. என்னிக்கித்தான்டா உள்ளத உள்ளபடி ஓட்டுவ? எப்பயும் போல எட்டு. போ."

வசுந்தரா அந்த நடைக்கான தாளை வாங்கிக் குறுக்கே கோடு போட்டு அடித்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஷேர் ஆட்டோ சங்கச் செயலாளர் ஆள் அளவாக ஏற்றச் சொல்லிக் காவல் நிற்பதைப் பார்க்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. அளவு என்பது பெர்மிட்டின் அளவு அல்ல, அன்றாடத்தின் அளவு. அவளுக்கு வேண்டியதும் அதுதான். மதியம் தூறல் போட்டது. படுதாக்கள் இறங்கின. உள்ளே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் தாள் நனையாமல் மடியில் வைத்துக் குறித்துக்கொண்டே இருந்தார்கள். விருமாண்டி மாலை வரை வண்டி எடுக்கவில்லை.

கணக்கு முடிந்தபோது 926 நடைகள், 7,223 பேர். சராசரி 7.8. அதைவிட வசுந்தராவுக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று: ஏறியவர்களில் பத்தில் ஏழு பேர் எந்த நிறுத்தத்திலும் ஏறவில்லை. வண்டியில் ஏறியவை ஆட்கள் மட்டும் அல்ல. தனியாக வந்த பதினேழு சாப்பாட்டுத் தூக்குகள், ஒன்பது பூ மூட்டைகள், தையல் கடைக்குப் போன நான்கு துணிப் பைகள். அவற்றை வாங்கி வைத்து, உரிய கடை வாசலில் ஹாரன் அடித்துக் கொடுத்தவர் ஓட்டுநர்.

புதிய எண்ணைப் போட்டு நிறுவனத்தின் கணினி மாதிரியையே மறுபடி ஓட்டினாள். பதினான்கு வண்டி போதாது, நெரிசல் நேரத்துக்கும் சேர்த்து முப்பத்தொன்று வேண்டும் என்றது. பதினான்கை மட்டும் விட்டால் காலை எட்டரை மணிக்கு வில்லாபுரத்தில் நிற்பவர் முப்பத்தெட்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். முப்பத்தொன்றை நிறுத்தி வைக்கத் தெற்குவாசலில் இடம் இல்லை. அறிக்கையில் அவள் இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். முதல் கணக்கு ஏன் தவறு, அந்தத் தவறில் மேசை போட்ட தங்கள் பங்கு என்ன, இறக்கிவிட்ட ஓட்டுநர்களின் பங்கு என்ன என்று ஒன்றரைப் பக்கம் எழுதினாள். ஆட்டோக்கள் பெர்மிட்டுக்கு மேல் ஏற்றுகின்றன என்ற வாக்கியத்தை மூன்று முறை படித்துப் பார்த்தாள். எடுக்கவில்லை.

குழுக் கூட்டத்தில் நிறுவனத்தின் திட்ட மேலாளர் நாகரிகமாகத்தான் பேசினார். ஒரு வார இடைவெளியில் ஒரு சாலையின் பயணிகள் மூவாயிரம் பேர் கூடுவது எப்படி என்று கேட்டார். கூடவில்லை, முதல் வாரம் அவர்கள் நடந்தார்கள் என்று வசுந்தரா சொல்லி, நடந்தவர்களின் எண்ணைத் திரையில் காட்டினாள். 4,098-ஐயும், அக்டோபர் அளவைவிடக் கூடுதலாக நடந்த 2,946 பேரையும் கூட்டினால் 7,044. இரண்டாம் கணக்கோடு இரண்டரை சதவீதம்தான் வித்தியாசம். மேலாளர் அந்த இரண்டு எண்களையும் தன் நோட்டில் எழுதிக் கீழே கோடு போட்டார். பிறகு, அனுமதி கேட்கிற ஒவ்வொரு ஊரிலும் இப்படி முதல் கணக்கைத்தான் எடுத்துப் போகிறோம், அவையும் இப்படித்தானோ என்று பொதுவாகச் சொன்னார். தலைவர் இடத்தில் இருந்த அதிகாரி, ஷேர் ஆட்டோவில் எட்டு பேர் என்பது இந்த அறையில் யாருக்குத் தெரியாது என்று கேட்டார்.  அது இதுவரை எந்தக் காகிதத்திலும் இல்லை என்று வசுந்தரா சொன்னாள்.

குழு அன்று மாலை முடிவை எழுதியது. தானியங்கி வண்டிகள் நான்கு, விமான நிலையத்திலிருந்து வெளிவட்டச் சாலை வரை மட்டும், ஆறு மாதச் சோதனையாக ஓடலாம். அவனியாபுரம்–தெற்குவாசல் தடத்துக்கு அனுமதி இல்லை; அங்கே ஷேர் ஆட்டோக்கள் தொடரும்.

டிசம்பர் முதல் வாரத்தில் அதே சாலையில் ஆர்டிஓ ஆட்களின் வாகனச் சோதனை இரண்டு நாள் நடந்தது. ஆள் அதிகம் ஏற்றியதற்காக முப்பத்தொரு ஆட்டோக்களின் மேல் வழக்குப் பதிவானது. விருமாண்டியின் வண்டியும் அதில் ஒன்று.